ரோமியோ ஜூலியட் தேர்வு குறித்துப் பெற்றோருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். பதினோராம் வகுப்பு மாணவர்கள் ஆங்கில வகுப்பில் ஷேக்ஸ்பியரின் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தை வாசித்து முடித்திருக்கிறார்கள். அடுத்த வாரத் தேர்வில் நூலைக் கையில் வைத்துக்கொண்டே விடை எழுதலாம் என்று அறிவித்தது குறித்துச் சிலர் கவலை தெரிவித்ததால் இதை எழுதுகிறேன்.

இந்நாடகத்தின் முடிவு மறைபொருள் அன்று. வெரோனாவின் இரு பகைக் குடும்பங்களில் பிறந்த காதலர்கள் இறந்துபோவார்கள் என்பதை, முதல் காட்சிக்கு முன்பே வரும் 14 வரிப் பாடல் சொல்லிவிடுகிறது. ஆகவே, இறுதியில் என்ன நடந்தது என்று கேட்பதால் பயனில்லை; எந்தெந்த இடங்களில் அந்த முடிவைத் தடுத்திருக்கலாம் என்று கேட்டால்தான் மாணவர் ஊன்றி வாசித்தாரா என்பது விளங்கும். சண்டையை விலக்க ரோமியோ குறுக்கே புகுந்த கணத்தில்தான் அவன் நண்பன் மெர்குஷியோ குத்துப்படுகிறான். தூது சென்ற ஜான் பாதிரியார், கொள்ளைநோய் அச்சத்தால் ஒரு வீட்டினுள் அடைக்கப்பட்டதால், இறந்தவள்போல் தோன்ற ஜூலியட் அருந்திய மருந்து 42 மணி நேர உறக்கத்தையே தரும் என்ற செய்தி மாந்துவா நகரிலிருந்த ரோமியோவைச் சென்றடையவில்லை. ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட கவிதையில் பல மாதங்கள் நீளும் இதே கதையை ஷேக்ஸ்பியர் சில நாட்களுக்குள் அடக்கியிருப்பதால், யாருக்கும் நின்று யோசிக்க அவகாசமில்லை.

பெற்றோராகிய நாம் கவனிக்கவேண்டியவர் ஜூலியட்டின் தந்தை என்பது என் கருத்து. முதல் அங்கத்தில், மகளுக்கு இன்னும் 14 வயது நிறையவில்லை என்று தயங்கி, அவள் சம்மதம் வேண்டுமென்று, அவளைப் பெண் கேட்டு வந்த பாரிஸ் என்பவனிடம் சொல்பவர், மூன்றாம் அங்கத்தில் அவள் மறுத்ததும் தெருவுக்குத் துரத்திவிடுவதாக மிரட்டுகிறார். தாயும் முகம் திருப்பிக்கொள்ள, வளர்த்த செவிலியும் பாரிஸையே மணந்துகொள் என்று சொல்லிவிட, அந்த வீட்டில் அவள் மனம்விட்டுப் பேச ஒருவரும் மிஞ்சவில்லை. மூன்றாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியான இதை உங்கள் பிள்ளையோடு சேர்ந்து வாசிக்குமாறு மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

வழிகாட்டி நூல்களிலுள்ள விடைகளை மனப்பாடம் செய்யச் சொல்லவேண்டாம். அவற்றுக்கு மதிப்பெண் கிடைக்காது. நாடகம் இரு தற்கொலைகளில் முடிவதால், அதைப் பற்றி ஆசிரியர்கள் வகுப்பில் ஒளிவுமறைவின்றிப் பேசியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளையிடம் மனக்கலக்கம் தென்பட்டால், தேர்வு முடியட்டும் என்று காத்திராமல், வகுப்பாசிரியரையோ என்னையோ உடனே வந்து சந்தியுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்