வலிக்கு ரசீது கேட்ட குழுவுக்கு

மாவட்ட உள்ளூர் புகார்க் குழுத் தலைவர் அம்மாவுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். ரைஸ் மில்லில் ஆறு வருஷம் கணக்கு எழுதியவள். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவை மதித்து ஊர், ஆள், மில் பெயர் எதையும் இங்கே எழுதவில்லை.

நடந்ததை மறுபடி சொல்லப் போவதில்லை. ஏழு மாதத்தில் நாலு தடவை உங்கள் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். 90 நாளில் முடிய வேண்டிய விசாரணை, சரி, போகட்டும். புகார் உண்மை என்று எழுதினீர்கள். அதற்கு மனசார நன்றி. அப்புறம் இழப்பீட்டுப் பத்தியைப் படித்தேன். டாக்டர் ஃபீஸ், மாத்திரை: 6,840 ரூபாய். மன உளைச்சல்: ‘உரிய ரசீதுகள் இல்லை.’

எங்கள் பஸ் ஸ்டாப்பே மில் வாசல்தான். இப்போது வாய்க்கால் கரையோரமாகச் சுற்றி அடுத்த ஸ்டாப்புக்கு நடக்கிறேன். காற்று திரும்பினால் அவித்த நெல் வாசனை அங்கேயும் வருகிறது. அம்மா அந்த மில் களத்தில் நெல் காய வைத்தவர். நான் வளர்ந்ததே அந்த வாசனையில். இன்று அது வந்தால் கை நடுங்குகிறது. வீட்டில் புழுங்கலரிசி கொதித்தால் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். கஞ்சி வடிப்பது இப்போது அம்மாதான். இதற்கு எந்தக் கடையில் ரசீது போடுவார்கள்?

இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்று சொல்லும் 15-ஆம் பிரிவில் முதலில் இருப்பதே மன அதிர்ச்சியும் வேதனையும்தான். மருத்துவச் செலவு மூன்றாவது. நீங்கள் மூன்றாவதை மட்டும் கூட்டினீர்கள். நான்காவது, எதிர்தரப்பின் வருமானம். ‘மில் நஷ்டத்தில் ஓடுகிறது’ என்று முதலாளி வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். அதற்கு ரசீது கேட்டீர்களா? கணக்கு எழுதியவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், என்னைக் கேட்டிருக்கலாம்.

மன உளைச்சலுக்கென்று தனியாக ஒரு தொகை போடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

மழையில் சம்பா சாய்ந்தால் அதிகாரிகள் வரப்பில் நின்று பார்த்து, 33 சதவீதத்துக்கு மேல் சேதமா என்று கணக்கெடுக்கிறார்கள். அழுகின பயிருக்கு ரசீது எங்கே என்று எந்த விவசாயியையும் கேட்டதில்லை. (நிவாரணம் கைக்கு வருவது வேறு கதை.) 6,840 ரூபாய் என்பது நாலைந்து சிப்பம் அரிசி. ஒரு பெண்ணை ஆறு மாதம் அழ வைக்க இதுதான் ரேட் என்றால், போர்டில் எழுதி மாட்டிவிடலாம். மற்ற முதலாளிகளுக்கும் வசதியாக இருக்கும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். மேல்முறையீட்டுக்கு 90 நாள் இருக்கிறது. அதில் 31 நாள் போய்விட்டது. அதற்குள் மன உளைச்சலுக்கான தொகையை 15-ஆம் பிரிவின்படி தனியாக நிர்ணயிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நேரில் கூப்பிட்டால் வருகிறேன். முடிந்தால் மத்தியானத்துக்கு மேல் கூப்பிடுங்கள். சுற்றி நடந்து வந்துதான் பஸ் பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் உள்ள மனுதாரர்