கயலுக்கு, மார்லி முக்கோணத்துடன்

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நல்ல மழை, கிணறு நிரம்பியிருக்கிறது. திருவாரூர் விவகாரம் ஒருவழியாக முடிந்தது, விவரம் நேரில். வேளைக்குச் சாப்பிடு.

உன் பெரிய அத்தை வந்திருந்தாள். ஏதோ பயிற்சி மையம் என்றாள், சம்பளம் இரண்டு மடங்கு என்றாள். யாரைப் பற்றியோ சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து மார்லி முக்கோணம் வரைந்தேன். எவ்வளவு கோணல்மாணலான முக்கோணமாக இருந்தாலும் சரி, ஒவ்வொரு கோணத்தையும் மூன்று சம பங்காக்கு. ஒரு பக்கத்தின் இரு முனைகளிலிருந்தும் அந்தப் பக்கத்தை ஒட்டினாற்போல் வரும் இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வை. மற்ற இரண்டு பக்கங்களுக்கும் அப்படியே. மூன்று புள்ளிகளையும் சேர்த்தால் சமபக்க முக்கோணம்! யூக்ளிட் தன் வடிவியல் நூலை எழுதியது கி.மு. 300 வாக்கில், கணித அறிஞர் ஃபிராங்க் மார்லி இதைக் கண்டது 1899இல். இடைப்பட்ட 2,200 ஆண்டுகளில் எத்தனை வாத்தியார்கள், எத்தனை பிள்ளைகள், எத்தனை கோடி முக்கோணங்கள்! அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு எல்லாக் கோணங்களையும் மூன்றாகப் பிரிக்க முடியாது என்று 1837இல் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் நிறுவினார். ஆகாத காரியத்தின் பக்கம் எதற்குப் போவானேன் என்று இருந்துவிட்டார்கள் போலும். நான் கோணமானி வைத்துத்தான் பிரித்தேன். கை நடுக்கத்தில் ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் நீண்டுவிட்டது. அதனால் என்ன, தேற்றமா நடுங்கப்போகிறது? (கைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவைக் கேட்டுக் கலவரப்படுத்தாதே.)

அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று நான் சொன்னபோது வகுப்பே எழுதிக்கொண்டது, ‘ஏன்?’ என்று கேட்டவள் நீ ஒருத்திதான். மையத்திலிருந்து உச்சிக்கு ஒரு கோடு இழுத்தேன், அவ்வளவுதான். ஆரங்கள் சமம்; ஆகவே இரண்டு இருசமபக்க முக்கோணங்கள், இரண்டிரண்டாகச் சம கோணங்கள். நான்கும் சேர்ந்து 180 பாகை என்றால் உச்சியில் இருப்பது அதில் பாதி என்று நான் வாய் திறக்குமுன் சொல்லிவிட்டாய். யூக்ளிட்டின் மூன்றாம் புத்தகத்தில் 31ஆவது தேற்றம். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், உன் அம்மா திட்டும் அளவுக்கு.

அப்படிப்பட்டவளுக்கு அப்பாவிடம் பேச ஐந்து நிமிடம் இல்லை. இருக்கட்டும். பத்தாம் வகுப்பில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண், படத்தைப் போடப் பழக்கினால் போதும் என்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பலகையில் கோடு இழுத்துவிட்டு, பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சும்மா நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு. உனக்கு அது தெரியும். சம்பளம் எனக்கும் தெரியாத விஷயமில்லை, வீட்டு வாடகை என்ன விற்கிறது என்றும் தெரியும். நான் எதுவும் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பிடு, இரவில் கண் விழிக்காதே.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். பார்சலைப் பள்ளி முகவரிக்கே அனுப்பலாமா, வேறு முகவரியா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா