தோட்டக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை (டென்வர் வட்டாரம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு முன்பே சுற்றுக்கு விடப்பட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கறிவேப்பிலைத் தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்துவைக்கும் நினைவூட்டல் இலையுதிர்காலத்தில் வழக்கம்போல் அனுப்பப்பட்டது. உறுப்பினர்களின் கேள்விகளில் பெரும்பகுதி மேப்பிள் மரத்தைப் பற்றியே இருந்ததால் இவ்வறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

2013-இல் நம் கொலராடோ மாநிலத்தின் போல்டரில், ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் மரகத ஆஷ் துளைப்பான் வண்டு கண்டறியப்பட்டது. அன்று முதல் இம்மலையடிவார நகரங்களில் ஆஷ் மரங்கள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டு வருகின்றன. அந்த இடத்தில் நட எல்லோரும் கேட்பது மேப்பிள். கேட்பதில் தவறில்லை. எந்த மேப்பிள் என்று பார்க்காமல் வாங்குவதில்தான் பணம் வீணாகிறது. நர்சரியில் முதலில் கண்ணில் படுவது ‘ஆட்டம் பிளேஸ்’ (Autumn Blaze). சிவப்பு மேப்பிளும் வெள்ளி மேப்பிளும் கலந்த வகை அது. இரண்டுமே கிழக்கு மாநிலங்களின் ஈர மண்ணில் செழிப்பவை. இங்கேயோ 5,280 அடி உயரம், மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 15 அங்குலம், அதோடு பி.எச். (மண்ணின் அமில, காரத்தன்மையைக் காட்டும் அளவு) 7.5-ஐத் தாண்டும் களிமண். நட்ட இரண்டு மூன்று ஆண்டுகளில் புதுத்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு நிறையவே இருக்கிறது. காரத்தன்மையால் அது கரையாமல் கிடப்பதால் வேரால் எடுக்க முடிவதில்லை.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். குழி தோண்டும் இடத்திலிருந்து ஒரு கரண்டி காய்ந்த மண்ணை எடுத்து அதில் வினிகர் விடுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அத்தகைய மண்ணில் கந்தகம் போட்டு பி.எச்.-ஐக் குறைக்க முயல்வது வீண். அந்தச் சுண்ணாம்பு முழுதும் தீரும்வரை அளவு அசையாது. நுரைக்கும் மண்ணுள்ளவர்கள் ‘ஆட்டம் பிளேஸ்’, சிவப்பு, வெள்ளி மூன்றையும் தவிர்க்கவும் என்பதே குழுவின் பரிந்துரை.

மாற்று என்ன? இரண்டு மாடி வீட்டுக்கு நிழல் வேண்டுமென்றால் ‘கேடோ’ சர்க்கரை மேப்பிள். ஓக்லஹோமாவின் கேடோ மாவட்டத்தில் தனித்து வளர்ந்த கூட்டத்திலிருந்து வந்ததால் வறட்சியும் காரமண்ணும் அதற்குப் பழக்கம். 40 அடிக்கு மேல் போகும். யூட்டா மலைகளைச் சொந்த ஊராகக் கொண்ட பெரும்பல் மேப்பிள் 20 முதல் 30 அடி. வளர்ச்சி மெதுவாக இருக்கும், இலையுதிர்கால நிறம் அதற்கு ஈடுசெய்துவிடும். டாட்டேரியன் மேப்பிள், குறிப்பாகக் கோடையில் விதைகள் செக்கச்செவேலெனத் தொங்கும் ‘ஹாட் விங்ஸ்’, எதையும் தாங்கும். ஆனால் அது 20, 25 அடியோடு நின்றுவிடும். திண்ணையோரத்துக்குப் போதும், கூரைக்கு நிழல் தராது.

ஏற்கெனவே மஞ்சளான மரம் வைத்திருப்போருக்கு: முதலில் தண்ணீரைப் பாருங்கள். புல்தரை ஸ்பிரிங்க்ளர் வாரம் மூன்று முறை நனைக்கும் களிமண்ணில் காற்றோட்டம் இல்லாமல் வெளிறல் கூடும். நீரைச் சீராக்கியும் தெளியவில்லை என்றால் வசந்தத்தின் தொடக்கத்தில் ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புக் கீலேட்டை (இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் உரம்) மண்ணுக்குள் இறங்குமாறு இடவும். விலை குறைந்த ஈ.டி.டி.ஏ. வகை நம் மண்ணில் இரும்பைப் பிடித்து வைக்காது. பையை வாங்குமுன் பின்பக்கம் படியுங்கள். மேப்பிளில் மாங்கனீஸ் குறைபாடும் இதே தோற்றத்தில் வரும். அப்போது எவ்வளவு இரும்பு போட்டாலும் பயனில்லை, இலைச் சோதனைதான் வழி. இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகினால் அது வேறு சங்கதி. சூடான வறண்ட காற்றுக்கு ஈடாக வேர் நீர் அனுப்பவில்லை என்று பொருள். அதற்கு உரம் போடுவது கூடாது.

நடுவது குறித்து. ஊரில் தென்னைக்கு வெட்டுவதுபோல் 3 அடிக் குழி வெட்டி எரு நிரப்பும் வழக்கம் நம்மவர்களிடம் இன்னும் இருக்கிறது. இந்தக் களிமண்ணில் அந்தக் குழி நீர் தேங்கும் தொட்டியாகிவிடும். தேவை ஆழமல்ல, அகலம். வேர்க்கட்டியை (வேரும் அதைப் பற்றிய மண்ணும் சேர்ந்த உருண்டை) போல் மூன்று மடங்கு அகலமும், கட்டியின் மேற்பகுதி தரைக்கு மேல் ஓரிரு அங்குலம் தெரியும் அளவு ஆழமும் போதும். தோண்டுமுன் 811-ஐ அழைத்து நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடிமரம் வேராக விரியும் இடம் பெரும்பாலும் நர்சரி மண்ணுக்குள் புதைந்திருக்கும், மண்ணை விலக்கி அதைக் கண்டுபிடித்த பிறகே ஆழத்தை அளக்கவும். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களை வெளிப்புறம் ஓர் அங்குலம் சீவி எடுங்கள். விட்டால் பத்து, பதினைந்து ஆண்டுகளில் மரத்தின் கழுத்தை அதன் வேரே நெரிக்கும், மேப்பிளில் இது சகஜம். தோண்டிய மண்ணாலேயே குழியை மூடி, மேலே 3 அங்குலம் மரச்சீவல் மூடாக்கு. அது தண்டைத் தொடக் கூடாது. கூழாங்கல் பரப்பினால் பார்க்க அழகு, வேருக்கு அடுப்பு.

முதல் கோடையில் வேர்க்கட்டி சுற்றியுள்ள களிமண்ணுக்கு முன்பே காய்ந்துவிடும். எனவே பக்கத்து மண் ஈரமாக இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். நீண்ட ஸ்க்ரூடிரைவரைக் கட்டிக்குள்ளேயே செருகிப் பாருங்கள்.

குளிர்காலம்தான் இங்கே அதிக மரங்களைக் கொல்கிறது. அக்டோபரில் ஸ்பிரிங்க்ளரை அடைத்ததும் பலர் மார்ச் வரை மரத்தை மறந்துவிடுகிறார்கள். பனி இல்லாத மாதங்களில் ஒன்றிரண்டு முறை, 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலுள்ள நாளில், நண்பகலில், தண்டின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 10 கேலன் வீதம் ஊற்ற வேண்டும். 2 அங்குல மரத்துக்கு 20 கேலன். ஹோஸை மெல்லத் திறந்து 5 கேலன் வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் கணக்கு எளிது. முடிந்ததும் ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இரவு உறைவில் குழாய் வெடிக்கும்.

இளம் மேப்பிளின் தோல் மெல்லியது. உயரத்தில் வெயில் உறைப்பாக இருக்கும். பகலில் தென்மேற்குப் பக்கத் தோல் சூடேறித் திசு விழித்துக்கொள்ள, பொழுது சாய்ந்ததும் உறைந்து செத்து, வசந்தத்தில் பட்டை நெடுக வெடிக்கும். மரத்தண்டில் சுற்றுவதற்கென்றே விற்கும் வெள்ளைச் சுற்றுத்தாளை அடியிலிருந்து முதல் கிளைவரை, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் ஏறுமாறு சுற்றவும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை இரண்டு. மே மாத ஈரப்பனியில் கிளைகளை முறியாமல் காப்பாற்ற, துடைப்பத்தால் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிவிடும் தன்னார்வலர் பட்டியல் ஒன்று, முதிய உறுப்பினர்களின் வீடுகளுக்கு முன்னுரிமையுடன். உறைந்த கிளையை யாரும் தொடக் கூடாது, தானே உருகட்டும். அடுத்தது, சுற்றுத்தாளைச் சங்கமே மொத்தமாக வாங்கித் தருவது. நவம்பர் தொடக்கத்தில் பொருளாளரிடம் பெற்றுக்கொள்ளலாம். வாங்குபவர்கள் ஏப்ரலில் கழற்றியாக வேண்டும், கோடை முழுதும் விட்டால் உள்ளே ஈரம் தங்கிப் பூச்சி குடியேறும்.

இவற்றுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இவண்,
செயலாளர், தோட்டக் குழு