கிளைச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தோழர்களே, ஓய்வு பெற்ற மூத்தவர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். நம்மை விட்டுப் பிரிந்த தோழர்களுக்கு அஞ்சலி செலுத்திவிட்டு அறிக்கையைத் தொடங்குகிறேன்.

இந்த ஆண்டு, ரயில் இன்ஜின் ஓட்டும் லோகோ பைலட்டுகளான நம் சங்கக் கிளை செய்த வேலையில் பெரும்பகுதி ஒரே ஒரு கணக்கைப் பற்றியது: பதினாறும் முப்பதும் சேர்ந்தால் எத்தனை? நாற்பத்தாறு என்று நாம் சொல்கிறோம். முப்பதுதான் என்கிறது நிர்வாகம். கேட்பவருக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். நம் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் இது வாரத்தில் ஒரு இரவு.

புதிதாக வந்திருக்கும் உதவி லோகோ பைலட்டுகளுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்துத் தலைமையிடத்துக்கு, அதாவது நாம் பணியில் இருக்கும் ஊருக்கு, திரும்பினால் 16 மணி நேர ஓய்வு. எட்டுக்குக் குறைந்தால் 12. இது அன்றாட ஓய்வு, அந்த ஓட்டத்தின் களைப்பு தீர. இதற்கு அப்பால் வார ஓய்வு ஒன்று இருக்கிறது, பீரியாடிக் ரெஸ்ட், நாம் சுருக்கமாக பி.ஆர். என்று சொல்வது. 1989 ரயில்வே சட்டத்தின் 133-வது பிரிவு, ஓட்டுநர் பணியாளருக்கு மாதம் 30 மணி நேரம் கொண்ட நான்கு ஓய்வுகள், அல்லது ஒரு முழு இரவும் அடங்கிய 22 மணி நேரம் கொண்ட ஐந்து ஓய்வுகள் தர வேண்டும் என்கிறது.

இப்போது திங்கள் காலை 6 மணிக்கு வேலை முடித்துச் சைன் ஆஃப் செய்கிறோம் என்று வையுங்கள். இரவெல்லாம் சிக்னல் பார்த்த கண். பகல் முழுக்கத் தூக்கம், அதுவும் அரைகுறைத் தூக்கம்தான். அன்றாட ஓய்வு இரவு 10 மணிக்கு முடிகிறது. வார ஓய்வு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கினால் புதன் விடியற்காலை 4 மணி வரை நாம் வீட்டு மனிதர். ஆனால் நடப்பது என்ன? முப்பதையும் திங்கள் காலையிலிருந்தே எண்ணி, செவ்வாய் நண்பகல் 12 மணிக்கு ஓய்வு முடிந்தது என்கிறார்கள். பத்து மணிக்கே போன் வந்துவிடுகிறது. அன்றாட ஓய்வை வார ஓய்வுக்குள் கரைத்துவிட்டால் மிஞ்சுவது 14 மணி நேரம். அதை வார விடுமுறை என்று எப்படிச் சொல்வது?

அலுவலக ஊழியர் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு வீடு போய்த் திங்கள் காலை 9 மணிக்கு வருகிறார். நாற்பது மணி நேரம். அன்றாட ஓய்வு 16, வார விடுமுறை 24 என்று தனித்தனியாகவே கிடைக்கிறது. அவர் மேல் நமக்குப் பொறாமை இல்லை. அதே கணக்கைத்தான் நாமும் கேட்கிறோம். வார ஓய்வு பற்றிய 14-வது சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 1923-லேயே ஏற்றுக்கொண்டது. அப்புறம் இன்னொன்று. மாதம் நான்கு என்றால் ஆண்டுக்கு 48, ஆனால் ஆண்டுக்கு வாரங்கள் 52. நான்கு வார ஓய்வுகள் எங்கே போயின என்று செயற்குழுவில் ஒரு இளம் தோழர் கேட்டார். இத்தனை ஆண்டுகளில் என் மனதில் எழாத கேள்வி அது. அவருக்கு நன்றி.

2024 ஜூன் 1 முதல், 46 மணி நேரம் முடிந்த பிறகே வேலைக்கு வருவோம் என்று தென்மாநில லோகோ பைலட்டுகள் பலர் உறுதியாக நின்றதை அறிவீர்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணைகளும் இடமாற்றங்களும் வந்தன. நம் கிளையிலும் சிலர் அந்தச் சுமையைத் தாங்கினார்கள். குடும்பத்தை இங்கே விட்டுவிட்டு வேறு ஊர் லாபிக்கு, அதாவது வேலை ஒதுக்கும் அலுவலகத்துக்கு, மாறிப்போன தோழர்களின் வீடுகளுக்கு மாதந்தோறும் போய்வந்தோம். இனியும் போவோம். ஜூலை 5 அன்று எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி டெல்லி ரயில் நிலையத்தில் லோகோ பைலட்டுகளைச் சந்தித்த பிறகு, நம் ஓய்வுக் கணக்கு பத்திரிகைகளில் பேசப்பட்டது. 2025 பிப்ரவரியில் நடந்த 36 மணி நேர உண்ணாவிரதத்திலும் நம் உறுப்பினர்கள் கலந்துகொண்டார்கள். வேலைக்குப் போனவர்கள் சாப்பிடாமலே வண்டி ஓட்டினார்கள். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

வேலை நேரம் பற்றி. 2016-ல் வந்த ரயில்வே வாரிய உத்தரவுப்படி ஓட்டும் வேலை சாதாரணமாக 9 மணி நேரம், வேலை ஏற்கும் சைன் ஆனிலிருந்து சைன் ஆஃப் வரை 11. இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1973 ஆகஸ்டில் லோகோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அன்றைய ரயில்வே அமைச்சர் லலித் நாராயண் மிஸ்ரா 10 மணி நேர வேலையை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்பந்தம் முழுமையாக நிறைவேறவில்லை என்பதே 1974 மே மாத வேலைநிறுத்தத்துக்கும், 1981 போராட்டத்துக்கும் காரணங்களில் ஒன்று. 1981-ல் விசாரணையே இல்லாமல் ரயில்வே ஊழியர் ஒழுங்கு விதிகளின் 14(2) விதியின் கீழ் வேலை இழந்தவர்களை மீண்டும் பணியில் சேர்ப்பது குறித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1993-ல்தான் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூத்தவர்களிடம் அந்த ஆண்டுகளைப் பற்றிக் கேளுங்கள். அடுப்பு எப்படி எரிந்தது என்று அவர்கள் சொல்வார்கள்.

சரி, விடுப்புக்கு வருகிறேன். நம் கிளைக்கு வந்த புகார்களில் அதிகம் விடுப்பைப் பற்றியதுதான். ஆண்டுக்கு 30 நாள் எல்.ஏ.பி., அதாவது முழுச் சம்பள விடுப்பு, ஜனவரி 1-லும் ஜூலை 1-லும் பதினைந்து பதினைந்தாகக் கணக்கில் ஏறுகிறது. அரைச் சம்பள விடுப்பு 20 நாள். காகிதத்தில் குறையில்லை. ஆனால் 300 நாளுக்கு மேல் எல்.ஏ.பி. சேர்த்து வைக்க முடியாது. நம் மூத்த மெயில் பைலட்டுகளில் பலருக்கு அந்தக் கணக்கு என்றோ நிரம்பிவிட்டது. விடுப்பு கேட்டால் ஆள் இல்லை என்கிறார்கள், எடுக்காமல் விட்டால் வீணாகிறது. ஆள் இல்லாதது நம் குற்றம் அல்ல. 2024 ஜனவரியில் 5,696 உதவி லோகோ பைலட் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஜூனில் அதையே 18,799 ஆக உயர்த்தினார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருக்கும் வேறுபாட்டைத்தான் இத்தனை நாள் நாம் நம் தூக்கத்தால் நிரப்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு தோழரின் தந்தை இறந்த செய்தி அவர் வெளியூரில் ஓட்டுநர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் இருந்தபோது வந்தது. திரும்பும் வண்டியை ஓட்ட மாற்று ஆள் கிடைக்கப் பல மணி நேரம் ஆனது. உடலை வைத்துக்கொண்டு ஊரே காத்திருந்தது. அவர் போய்ச் சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. அந்த வாரமே லாபியில் பேசினோம். இறப்புச் செய்தி வந்தால் அந்த நிமிடமே அவரை வண்டியிலிருந்து விடுவிக்க வேண்டும், கலங்கிய மனதோடு ஆயிரக்கணக்கான பயணிகளை இழுத்துவரச் சொல்லக் கூடாது என்றோம். வாய்மொழியாக ஒப்புக்கொண்டார்கள். எழுத்தில் இன்னும் வரவில்லை.

நமக்குக் கிடைத்த ஒரு வெற்றி, விடுப்புப் பதிவேடு. இப்போது விண்ணப்பத்துக்கு வரிசை எண் உண்டு. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். முகத்தைப் பார்த்து விடுப்பு கொடுப்பது இதனால் வெகுவாகக் குறைந்திருக்கிறது. தீபாவளி, பொங்கல் விடுப்புக்கு நமக்குள் செய்துகொண்ட ஏற்பாடும் நன்றாகவே நடந்தது: போன பொங்கலுக்கு வண்டியில் இருந்தவருக்கு இந்தத் தீபாவளியில் முதல் உரிமை, மீதிக்குக் குலுக்கல். தன் சீட்டை, முதல் பிள்ளை பிறந்திருந்த இளைஞருக்கு விட்டுக்கொடுத்த தோழர் பெயரைச் சொல்லக் கூடாது என்றார். சொல்லவில்லை.

வேலை ஒதுக்கீட்டில் மெயில், பாசஞ்சர் தோழர்களுக்கு லிங்க் என்ற முன்கூட்டிய வேலைப் பட்டியல் இருப்பதால் நிலைமை பரவாயில்லை. சரக்கு வண்டித் தோழர்களுக்கு, வேலைக்கு அழைக்கும் கால் எப்போது வரும் என்பதே தெரியாது. ஓய்வு முடித்தவர்களில் முதலில் வந்தவருக்கே முதல் அழைப்பு என்ற ஒழுங்கு பல தடவை தவறியது. தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் வேலை கூடாது, 36 மணி நேரத்துக்குள் தலைமையிடம் திரும்ப வேண்டும் என்ற நம் கோரிக்கைகள் அப்படியே நிற்கின்றன. நான்காவது இரவின் பின்ஜாமத்தில் கண் திறந்தபடியே மூளை உறங்கும். அதை அனுபவித்தவர்கள் நாம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து.

இந்த அறிக்கையை எழுதும்போது, சாப்பாட்டுக்கும் இயற்கை உபாதைக்கும் இடைவேளையைச் சட்டமாக்குவது சாத்தியமில்லை என்று ரயில்வே வாரியம் ஏப்ரலில் சொன்ன செய்தி வந்தது. வண்டி ஏறும் முன் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் நம் பெண் தோழர்கள் அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார்கள். என்னிடம் பதில் இல்லை. ஒவ்வொரு இன்ஜினிலும் கழிப்பறை என்ற கோரிக்கையை இன்றைய தீர்மானங்களில் முதலாவதாக வைத்திருக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சென்ற ஆண்டு எல்லோருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தோம், சைன் ஆன், சைன் ஆஃப், கால் வந்த நேரம், பி.ஆர். தொடங்கிய நேரம் எழுதிவைக்க. எழுதியவர்களின் வழக்கை என்னால் தேதியோடு வாதாட முடிந்தது. எழுதாதவர்களுக்காக என்னால் கெஞ்ச மட்டுமே முடிந்தது. புது நோட்டுகள் வாசல் மேசையில் இருக்கின்றன. போகும்போது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், பழையதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தோழமையுடன்,
கிளைச் செயலாளர்