எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு கட்டம் வேண்டும்

பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்கும் பொறுப்பிலுள்ள கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு பிற்பகல், உங்கள் கணக்கெடுப்புக் குழு நான்காவது முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தது. வந்த ஆசிரியையும் உடன் வந்த பெண்மணியும் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். மோர் குடித்தார்கள், பிள்ளைகளின் பெயரையும் வயதையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. என் வருத்தமெல்லாம் அவர்கள் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய படிவத்தின்மேல்தான். அதில் வீட்டில் கற்கும் குழந்தைக்கென்று ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

எங்களுக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினாறு வயது, கடைக்குட்டிக்கு நான்கு. பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால் பாசனத்தை நம்பியிருக்கும் சிற்றூரில், கிணறும் இரண்டு மாடுகளும் உள்ள வீட்டில் இருக்கிறோம். கணவர் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். உங்கள் படிவம் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை இரண்டே கேள்விகள் கேட்கிறது: பிள்ளை பள்ளியில் சேரவே இல்லையா, அல்லது சேர்ந்து இடையில் நின்றதா? ஒரு முறை பள்ளியில் சேர்ந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிய எங்கள் இரண்டாமவன் 'இடைநின்றவர்' ஆனான். பள்ளியில் சேராமலே வளர்ந்த மூன்றாமவள் 'சேராதவர்' ஆனாள். அதற்கடுத்து, காரணத்தைக் குறிக்க வேண்டிய இடம் வந்தது.

அந்த நேரத்தில் என் மூன்றாம் மகள், பதினோரு வயதுக்காரி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்று மேட்டிலிருந்து இறங்கி வந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கிறாள். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, அதன் நுனியில் ஒரு கல். கல் நீரைத் தொடும்வரை முடிச்சுகளை எண்ணி, முழத்துக்கு 45 சென்டிமீட்டர் என்று பெருக்கி, நோட்டில் தேதியோடு எழுதுவாள். இரண்டு வருடக் கணக்கு அந்த நோட்டில் இருக்கிறது. சதுரத்தாளில் கோடு வரைந்து பார்த்தபோது, மழையே இல்லாத ஒரு மாதத்தில் நீர் மேலே வந்திருப்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். ஏன் என்று பதினைந்து நாட்கள் எங்கள் எல்லாரையும் துளைத்தெடுத்தாள். கடைசியில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் போய், எங்கள் பாசன மண்டலத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் திறந்த தேதியைக் கேட்டு வந்து, திறந்த எட்டாம் நாளிலிருந்து கிணறு ஊறத் தொடங்கியிருக்கிறது என்று எழுதி வைத்தாள். நிலத்தடி நீரைப் பற்றி எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்கு அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

அந்த நோட்டு அவள் கையில் இருந்தது. தம்பி இடுப்பில் இருந்தான். ஆசிரியை அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, காரணப் பட்டியலைக் கீழ்வரை தேடினார். வறுமை, வேலைக்குச் செல்லுதல், இடம்பெயர்வு, உடல்நலக்குறைவு, படிப்பில் ஆர்வமின்மை, தம்பி தங்கையரைப் பராமரித்தல். "நான் என்ன பண்ணட்டுங்க, இதுல நீங்க சொல்றாப்ல ஒரு கட்டமே இல்லைங்களே" என்று உண்மையான சங்கடத்தோடு சொன்னார். பிறகு கடைசிக் காரணத்தைக் குறித்தார். மகள் பக்கத்தில் நின்று அதைப் படித்துவிட்டாள். அவர்கள் போன பிறகு, "தம்பியைப் பாத்துக்கறதனால நான் படிக்கலைன்னு எழுதிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். அதன்பின் மூன்று வெள்ளிக்கிழமைகள் அவள் கிணற்றுப் பக்கம் போகவில்லை. அந்த மூன்று வாரங்களுக்கான வரிசை நோட்டில் வெறுமையாகவே இருக்கிறது. தம்பியைத் தூக்கச் சொன்னாலும் தயங்குகிறாள்.

ஐயா, அம்மா, உங்கள் கணக்கெடுப்பின் அருமை எனக்குத் தெரியாமல் இல்லை. செங்கற்சூளையிலிருந்தும் நூற்பாலை வேலையிலிருந்தும் பிள்ளைகளை மீட்டுப் பள்ளியில் சேர்த்தது இப்படி வெயிலில் வீடு வீடாக நடந்த ஆசிரியர்கள்தாம். எங்கள் ஊரிலேயே, வேலைதேடி வந்த வடமாநிலக் குடும்பத்தின் இரண்டு சிறுவர்கள் இன்று பள்ளியில் மதிய உணவு உண்டு படிக்கிறார்கள் என்றால், அதற்கு இந்தக் கணக்கெடுப்பே காரணம். அப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேட வேண்டிய நேரத்தில் ஓர் ஆசிரியை எங்கள் திண்ணையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, பொருந்தாத கட்டத்தில் எங்களைப் பொருத்தப் பாடுபடுகிறார் என்பதே என் மனத்தை உறுத்துகிறது. பட்டியலில் ஏறிய பெயருக்குப் பின்தொடர்தல் உண்டு என்பதால், அடுத்த இரண்டு மாதங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரும், ஊர்ப் பெரியவர்கள் விசாரிப்பார்கள், சிறப்புப் பயிற்சி மையத்துக்கு அனுப்புங்கள் என்பார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்வதற்கு ஒன்றும் மறைவில்லை. மூத்தவள் இரண்டாம் வகுப்பை முடிப்பதற்குள் கணவரின் வேலை காரணமாக மூன்று ஊர் மாறினோம், இரண்டு பள்ளி மாறினாள். இடையில் ஒரு வருடம் எங்கும் சேர்க்க முடியாமல் போயிற்று. அந்த வருடத்தில் அவள் பாட்டியிடம் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி, வருட முடிவில் நாளிதழை வாய்விட்டு வாசித்தாள். கட்டாயத்தால் வந்த இடைவெளியை நாங்கள் பிறகு விரும்பியே தொடர்ந்தோம். எல்லாம் நேராகப் போயிற்று என்று சொல்ல மாட்டேன். நான்காமவன் எட்டு வயதுவரை சரளமாக வாசிக்கவில்லை. எத்தனையோ இரவுகள், தவறு செய்துவிட்டோமோ என்று தூங்காமல் கிடந்திருக்கிறேன். இரண்டாமவன் பத்து வயதில் "எனக்குப் பள்ளிக்கூடம் போகணும், கபடி டீம்ல சேரணும்" என்றான். அந்த வாரமே ஊர் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். ஒரு வருடம் மகிழ்ச்சியாகப் போனான். மறுவருடம் வீட்டிலேயே படிக்கிறேன் என்று அவனே திரும்பினான். கல்வித் துறையின் கணினிப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள எமிஸ் எண், அவனுடையது அன்று, பள்ளியை விட்டவர்களின் பொதுப் பட்டியலான காமன் பூலுக்குப் போனது, இன்றும் அங்கேயே இருக்கிறது. எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளாத எண் என்பதால், ஒவ்வொரு வருடமும் அவன் பெயர் தேடவேண்டியவர் பட்டியலில் தானாக வந்து நிற்கிறது.

எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்குப் பால் கறந்த பிறகு நாள் தொடங்கும். கூடத்தில் ஒரே கரும்பலகைதான். மூத்தவள் ஒரு பாதியில் இரண்டாமவனுக்கு இயற்கணிதம் போடுவாள், மறு பாதியில் நான்காமவன் வாய்ப்பாடு எழுதுவான். பாடநூல்கள் அரசு வெளியிடும் அதே நூல்கள்தாம். கடைக்குட்டி காலையில் அங்கன்வாடிக்குப் போய்வருகிறான். ஊர்ப்புற நூலகத்தில் நான்கு பேருக்கும் உறுப்பினர் அட்டை உண்டு. நூலகர் ஒருநாளும் "எந்தப் பள்ளி?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதில்லை. பிற்பகலில் இரண்டாமவன் அப்பாவின் பட்டறைக்குப் போவான். எரிந்த மோட்டாரின் பழைய காயிலைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணி, கம்பியின் கேஜ், அதாவது தடிமன், அளந்து, புதிதாகச் சுற்ற எவ்வளவு செம்பு வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருவான். ஒரு சுற்று பிசகினாலும் அப்பா மீண்டும் எண்ணச் சொல்வார். மின் இணைப்பில் கை வைக்க அவனுக்கு இன்னும் அனுமதி இல்லை. ஆனால் கணக்கெடுப்பு நடக்கும் நாட்களில் நாங்கள் அவனைப் பட்டறைக்கே அனுப்புவதில்லை. அங்கே நிற்பதைப் பார்த்தால் குழந்தைத் தொழிலாளி என்று குறித்துவிடுவார்களோ என்ற அச்சம்தான். கற்றுக்கொள்ளும் இடத்திலிருந்து பிள்ளையை ஒளித்துவைக்க வேண்டிய நிலைக்கு எங்களை ஆளாக்கியது, அந்தப் படிவத்தில் இல்லாமல்போன ஒரு கட்டம்.

சட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்லப்படும் பதிலை நான் அறிவேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. மறுக்கவில்லை. அதே சட்டம் அதற்காகப் பெற்றோருக்குத் தண்டனை எதையும் வகுக்கவில்லை என்பதையும், அரசியலமைப்பின் 51அ பிரிவில் 86ஆம் திருத்தம் சேர்த்த கடமை, ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்புகளை வழங்குவது என்றுதான் சொல்கிறது என்பதையும் நீங்களும் அறிவீர்கள். இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைகள் பள்ளிக்கு ஒழுங்காகச் சென்றோ 'அல்லது வேறு வகையிலோ' கல்வி பெறச் செய்வது பெற்றோர் கடமை என்று எழுதிற்று. 'அல்லது வேறு வகையிலோ' என்ற அந்தச் சொற்களின் இடத்தில்தான் அந்நாட்டில் வீட்டில் கற்கும் குடும்பங்கள் இன்றுவரை நிற்கின்றன. நான் உங்களிடம் சட்டத் திருத்தம் கேட்கவில்லை. அது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். படிவம் உங்கள் கையில் இருக்கிறது. அதில் ஒரு கட்டம் கேட்கிறேன்.

நாங்கள் கல்வியின் வாசலை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கவும் இல்லை. 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி, பதினான்கு வயது நிறைந்த பிள்ளையைப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஏற்றுக்கொள்கிறது. எங்கள் மூத்தவள் அதன் வழியே ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற்று, இப்போது மேல்நிலைக்குப் படிக்கிறாள். நம் மாநிலத்திலேயே, பன்னிரண்டரை வயது நிறைந்த பிள்ளை எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். இரண்டாமவன் அதற்குத்தான் தயாராகிறான். பதினான்கு வயதில் நுழைவுச்சீட்டு கொடுத்துத் தேர்வறையில் உட்கார வைக்கும் ஓர் அரசு, அதே பிள்ளையைப் பதின்மூன்று வயதுவரை படிக்காதவள் என்றே எழுதி வைத்திருந்தது எப்படி என்று மூத்தவள் என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன்.

இந்த நாட்டில் எதற்குப் போனாலும் ஒரு பள்ளியின் முத்திரை இல்லாமல் பிள்ளைக்கு முகமே இல்லை. இரண்டாமவன் மாவட்ட அளவிலான ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, இன்ன பள்ளியில் படிக்கிறான் என்று சொல்லும் போனஃபைடு சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஓவியப் போட்டிக்கும் அதே கதை. ஒரு பிள்ளைக்கு வங்கிக் கணக்கு தொடங்கப் போனால் அங்கேயும் முதலில் கேட்பது பள்ளியின் பெயரைத்தான். பிறந்த சான்றிதழும் ஆதாரும் கையில் இருந்தும், அவன் யார் என்று சொல்ல ஒரு தலைமையாசிரியர் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. இவற்றுக்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை என்பதை உணர்கிறேன். கோபத்தில் வேறெங்கோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள். உங்களிடம் கேட்பது அந்த ஒரு கட்டத்தைத்தான்.

அப்படி ஒரு கட்டம் வைத்தால், பிள்ளையை வேலைக்கு அனுப்புகிறவர்களும் இளவயதில் திருமணம் செய்துவைக்க எண்ணுகிறவர்களும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானும் பெண் பிள்ளைகளைப் பெற்றவள்தான், அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆகவே வெறும் டிக் அடிக்கும் கட்டமாக அது இருக்க வேண்டாம். 'வீட்டில் கற்பவர்' என்று குறித்து, அதன் கீழே பிள்ளையோடு நேரில் பேசப்பட்டதா, என்ன படிக்கிறது, நோட்டுகள் பார்க்கப்பட்டனவா, எந்தத் தேர்வுக்குத் தயாராகிறது என்று நான்கு வரிகள் வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறையல்ல, இரு முறை வாருங்கள். சொல்லாமல் வாருங்கள். பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுங்கள். வாசிக்கச் சொல்லுங்கள், கணக்குப் போடச் சொல்லுங்கள். குறை கண்டால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறோம். பார்க்கப்படுவதை நாங்கள் மறுக்கவில்லை. பார்த்த பிறகும் பார்த்ததை எழுத இடமில்லாமல், பார்க்காத ஒன்றை எழுதிச் செல்வதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

அடுத்த கணக்கெடுப்புக்கான படிவம் அச்சாவதற்கு முன், வீட்டில் கற்கும் குழந்தைகளுக்கு அதில் ஒரு கட்டம் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, இந்த ஆண்டுப் பதிவில் என் மூன்றாம் மகளின் பெயருக்கு எதிரே உள்ள காரணத்தை மட்டுமாவது நீக்கித் தாருங்கள். நீக்கியதற்கு ஒரு வரியில் பதில் எழுதினால் போதும். அதை அவளே படித்துக்கொள்வாள். கிணற்றுக் கயிறு இன்னும் திண்ணை ஆணியில்தான் தொங்குகிறது. சென்ற வெள்ளிக்கிழமை அவளாகவே அதை எடுத்துக்கொண்டு போய், தம்பியைக் கிணற்று மேட்டுக்கு இப்பால் உட்கார வைத்துவிட்டு, அளந்து வந்தாள்.

இப்படிக்கு,
ஐந்து பிள்ளைகளின் தாய்