திருத்திக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், ஜன்னலைத் திறந்தால் கோட்டை மலை தெரியும் ஒரு மாடி அறையில், எங்கள் சிறிய தகவல்தொடர்பு ஏஜென்சி தொடங்கி இந்தத் தையோடு ஓராண்டு நிறைகிறது. பெங்களூரில் ஏழு ஆண்டுகள் இதே வேலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நானும், என்னை நம்பி வந்த மூன்று இளைஞர்களும் சேர்ந்து நடத்துகிறோம். ஆண்டுக் கணக்கை எழுத உட்கார்ந்தேன். வரவு செலவு இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. எங்கள் எழுத்தில் பிழை இருக்கிறது என்று சொல்லி, பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்திக் கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல்தான் நீண்டுகொண்டே போனது. பாராட்டியவர்களுக்கும் நன்றி உண்டு. இந்த மடல் திருத்தியவர்களுக்கு.

முதலில் வீட்டு உரிமையாளர் ஐயா. வாடகைக்குக் கேட்டு வந்த அன்று, "ஏஜென்சி என்றால் கேஸ் ஏஜென்சியா, அம்மா?" என்று கேட்டீர்கள். நான் பெங்களூரில் பழகிய சொற்களில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கலெக்டர் ஆபீஸ் வாசலில் திங்கட்கிழமை மனு எழுதித் தருகிறார்களே, அந்த மாதிரியா?" என்றீர்கள். அன்று இல்லை என்று சொன்னேன். இன்று அதைவிடச் சரியான விளக்கம் என்னிடம் இல்லை. ஒருவர் சொல்ல நினைப்பதை, சேர வேண்டியவருக்குப் புரியும்படி எழுதிக் கொடுக்கிறோம். மனு எழுதுபவர் எதிரே இருப்பவரிடம் கேட்டுக் கேட்டு எழுதுகிறார். அந்தக் கேட்கும் பழக்கம் எங்களுக்கு வருவதற்குத்தான் பல மாதங்கள் ஆயின. ஆறு மாத முன்பணம் கேட்கும் இடத்தில் இரண்டு மாதத்தோடு சாவியைக் கொடுத்ததையும் மறக்கவில்லை.

அடுத்து அச்சகத்து ஐயா. உங்களுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

சித்திரையில் மா விவசாயிகள் குழு ஒன்றுக்காக ஒரு துண்டறிக்கை தயாரித்தோம். காய் பறிக்கும் முறை பற்றிய விளக்கக் கூட்டத்துக்கான அழைப்பு. நாங்கள் யூனிகோடில் எழுதியதை அச்சகத்தின் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். "கொத்து" என்பது "காெத்து" என்று விழுந்திருந்தது. கணினித் திரையில் நாங்கள் நால்வரும் பார்த்தோம், எவர் கண்ணிலும் படவில்லை. நீங்கள், அச்சிடுவதற்கு முன் பிழை பார்க்கும் புரூஃப் தாளை மேசைமேல் விரித்து, ஒரு ஸ்டீல் ஸ்கேலை முதல் வரியின் கீழே வைத்தீர்கள். வாய்விட்டு மெதுவாகப் படித்தீர்கள். படித்து முடித்த பிறகுதான் ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கியது. ஒன்பது இடங்களில் சிவப்புப் பேனாவால் சுழித்தீர்கள். கடைசி வரிக்கு வந்ததும் ஸ்கேல் நின்றுவிட்டது. "ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்று போட்டிருக்கிறீர்கள். போச்சம்பள்ளி சந்தை யாருக்காகக் காத்திருக்கும்?" என்றீர்கள்.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சந்தை. ஆட்டைப் பிடித்துக்கொண்டு விடியலிலேயே கிளம்பிவிடுவார்கள். இந்த மாவட்டத்தில் பிறந்தவளான எனக்கு அது தெரியும். எழுதும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்றச் சொன்னோம். விட்டீர்களா? "இதை ஒரு தோட்டக்காரரிடம் படித்துக் காட்டினீர்களா?" என்றும் கேட்டீர்கள். காட்டவில்லை. அன்று மாலையே மத்தூர் பக்கம் போனோம்.

மத்தூர்ப் பக்கத்துப் பெரியவரே, திண்ணையில் உட்கார்ந்து, "என் பேத்தி வயதுப் பெண்" என்று சொல்லிச் சொல்லிக் கேட்டீர்கள். முதல் வரியிலேயே நிறுத்தினீர்கள். "மா அறுவடையா? நெல்லை அறுப்போம். மாங்காயைப் பறிப்போம்." அடுத்த பத்தியில் மா ரகத்தின் பெயரைத் "தோத்தாபுரி" என்று எழுதியிருந்தோம். "பெங்களூரா என்று எழுதுங்கள், எல்லோருக்கும் தெரியும்" என்றீர்கள். பிறகு எழுந்து தோட்டத்துக்கு அழைத்துப் போனீர்கள். ஒரு காயைக் காம்பு ஒட்டப் பறித்தீர்கள். பால் பீறிட்டுத் தோலில் வழிந்தது. இன்னொன்றை விரல் நீளம் காம்பு விட்டுப் பறித்தீர்கள். பால் வரவில்லை. "நாளைக்கு வந்து இரண்டையும் பாருங்கள்" என்றீர்கள். மறுநாள் போனோம். முதல் காயின் தோலில் பால் வழிந்த தடம் கருத்துத் தெரிந்தது. மாங்கூழ்த் தொழிற்சாலைக்குப் போகும் காயைவிட, கடைக்குப் போகும் காய்க்கு இந்தக் கறை விலையைக் குறைக்கும் என்பதை அங்கேதான் புரிந்துகொண்டோம். எங்கள் துண்டறிக்கையில் "சரியான முறையில் அறுவடை செய்யவும்" என்று இருந்த வரி, "காம்பை விட்டுப் பறியுங்கள், பால் வழியாது" என்று மாறியது. இந்த ஓராண்டில் எங்கள் ஏஜென்சியிலிருந்து வெளிவந்த வரிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அது உங்கள் வரி.

தருமபுரி மாவட்டத்துக் கிராம சுகாதாரச் செவிலியர் அக்காவுக்கு நன்றி சொல்லும்போது கொஞ்சம் நடுக்கமும் வருகிறது. குடிநீர் பற்றிய சுவரொட்டிக்கு எழுதியபோது, எல்லா ஊருக்கும் எழுதுவதைப் போல "தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்" என்று எழுதிவிட்டோம். நம் இரு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு இருப்பது பழைய துயரம். பற்களில் பழுப்புக் கறையோடு வளர்ந்த பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கியது. நீங்கள் வாசகத்தைப் பார்த்ததும், "காய்ச்சினால் கிருமி சாகும், தங்கச்சி. ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கெட்டிப்படும்" என்றீர்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பு, குழாயில் வரும் காவிரி நீரைச் சமையலுக்கும் குடிக்கவும் ஒதுக்கிவைக்க வேண்டிய அவசியம் எல்லாவற்றையும் தடுப்பூசி நாள் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டே சொன்னீர்கள். அந்தச் சுவரொட்டி அப்படியே ஒட்டப்பட்டிருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் உங்களைக் கும்பிடத் தோன்றுகிறது. அதற்குப் பிறகு உடல்நலம் பற்றிய எந்த வாசகத்தையும், அந்தத் துறையில் களத்தில் இருப்பவர் ஒருவர் பார்க்காமல் நாங்கள் வெளியே விடுவதில்லை.

வேப்பனப்பள்ளிப் பக்கம் மைக் கட்டி ஆட்டோ ஓட்டிய அண்ணா, கண் பரிசோதனை முகாம் அறிவிப்பை நாங்கள் தமிழில் மட்டும் பதிவு செய்து கொடுத்தோம். இரண்டு தெரு போனதும் வண்டியை ஓரம்கட்டி, "இங்கே தமிழில் படிப்பார்கள். வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. அது காதில் விழுந்தால்தான் பாட்டிமார் வாசலுக்கு வருவார்கள்" என்று சொல்லி, நீங்களே மைக்கைப் பிடித்தீர்கள். வந்தார்கள்.

ஆடிட்டர் அண்ணா திருத்தியது எங்கள் கணக்கை. 60,000 ரூபாய்க்கு பில் போட்டால் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 10,800 ரூபாய். வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும், பில் போட்ட மாதத்துக்கு அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அதைக் கட்டியாக வேண்டும் என்பது எனக்குக் கையைக் கடித்த பிறகுதான் உறைத்தது. வேலையை வாங்கிக்கொண்டு ஐந்து மாதங்கள் இழுத்தடித்த ஒருவரால் ஆவணியில் சம்பளத்துக்கே திண்டாடினோம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவைச் செய்ய வைத்து, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று எடுத்துச் சொல்லி, கடிதத்தையும் நீங்களே எழுதிக் கொடுத்தீர்கள். கோபமான வரி ஒன்றுகூட அதில் இல்லை. பணம் வந்தது. அந்த மாதச் சம்பளத்துக்கு வளையலை அடகு வைத்த அம்மா, நான் கேட்பதற்கு முன்பே நீ கழற்றிக் கொடுத்தாய். மீட்டுவிட்டோம்.

என்னோடு வேலை செய்யும் மூவருக்கும்: "அக்கா, இது புரியவில்லை" என்று என் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியத்தை இந்த ஆண்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்போது மா பூத்திருக்கிறது. பூவில் விழும் தத்துப்பூச்சி பற்றிய துண்டறிக்கை தயாராகிவிட்டது. பெரியவர் நேற்றே படித்துப் பார்த்து மூன்று சொற்களை மாற்றிவிட்டார். அச்சகத்து ஐயா, நாளைக் காலை பத்து மணிக்குப் புரூஃபோடு வருகிறேன். ஸ்கேலை எடுத்து வையுங்கள்.

நன்றியுடன்,
மாடி அறையிலிருந்து நால்வரும்
பழையபேட்டை, கிருஷ்ணகிரி