மாரிக்கு முன்னரே வானொலிக் கணினியை முடித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது 1978 நவம்பர் 23இல். ஆழிப்பேரலை வந்தது 2004 டிசம்பர் 26இல். வெளியூரோடு ஒரு சொல் பேச வழியில்லாமற் போவது எப்படியிருக்கும் என்று இங்குள்ள பெரியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அப்படியொரு நாளுக்கென்று, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற்ற பயில்முறை (ஹாம்) வானொலியாளரின் கருவியோடு ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியை இணைத்து வைப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் மென்பொருளை நிறுவும் இடத்திலேயே பலர் சலித்துக் கைவிடுகிறார்கள். அது தேவையற்ற தோல்வி.

முதலில், மூலநிரலை எடுத்துக் கம்பைல் செய்யத்தான் (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றத்தான்) வேண்டுமா என்று கேளுங்கள். செய்திகளை வானொலிச் சமிக்ஞையாக மாற்றும் எஃப்.எல்.டிஜி, டபிள்யூ.எஸ்.ஜே.ரி-எக்ஸ், டைர்வுல்ஃப் ஆகிய மூன்று மென்பொருள்களும், ஒரே கட்டளையில் நிறுவித்தரும் ‘ஆப்ட்’டின் களஞ்சியத்தில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. பதிப்பு சற்றுப் பழையதாக இருக்கலாம்; அவசரச் செய்தி அனுப்ப அது போதும். தனியாகத் தரவிறக்கிய பொதி ஏற மறுத்தால் 32 பிற், 64 பிற் குழப்பமா என்று பாருங்கள். கணினியின் வகையைக் காட்டும் ‘யூநேம்’ கட்டளை இங்கே ஏமாற்றும்: கேர்னல் எனும் இயங்குதள மையப்பகுதி 64 பிற்றாகவும் மற்றவை 32 பிற்றாகவும் இருக்கும் கணினிகள் உண்டு. ‘டிபிகேஜி பிரிண்ட் ஆர்க்கிடெக்சர்’ காட்டும் விடையையே நம்புங்கள்.

கம்பைல் செய்தே ஆகவேண்டும் என்றால், எங்கே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆரம்பச் சோதனையிலேயே ஏதோ நூலகம் (பல மென்பொருள்கள் பகிரும் துணைநிரல்) இல்லை என்று நின்றால், அந்த நூலகம் இருந்தும் கம்பைல் செய்யத் தேவையான அதன் ‘டெவ்’ பொதி இல்லாதிருக்கலாம். ஒவ்வொன்றாகத் தேடி அலையாமல், (புக்வேம் எனும் 2023 இயங்குதளப் பதிப்பு வரை) களஞ்சியப் பட்டியற் கோப்பில் ‘டெப்-எஸ்ஆர்சி’ (deb-src) வரியின் முன்னுள்ள ஹாஷ் குறியை நீக்கி, ‘ஆப்ட் அப்டேட்’ கொடுத்து, பின்பு ‘ஆப்ட் பில்ட்-டெப்’ கட்டளையை மென்பொருளின் பெயரோடு கொடுத்தால் பெரும்பாலானவை ஒரே தடவையில் வந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பில் ‘கில்ட்’ என்று நின்றால் அது நினைவகப் பற்றாக்குறை. ராஸ்பெரி பையின் சிறு வகையான பை சீரோ 2 டபிள்யூவில் இருப்பது 512 எம்.பி. மட்டுமே. கம்பைல் செய்யும் ‘மேக்’ கட்டளையோடு ‘ஜே4’ சேர்த்தால் நான்கு கம்பைலர்கள் ஒன்றாக ஓடி அதை விழுங்கிவிடும். ‘ஜே1’ கொடுங்கள். புக்வேம் வரையான பதிப்புகளில் மெமரி காட்டின் ஒரு பகுதியை நினைவகம்போல் பயன்படுத்தும் ‘டிஃபிஸ்-ஸ்வொப்ஃபைல்’ அமைப்பில் அளவை 2048 எம்.பி. ஆக்கி, அந்தச் சேவையை மீளத் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் பழைய அளவுக்கே திருப்புங்கள். இல்லையேல் மெமரி காட் விரைவில் தேயும்.

ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் முறிந்தால் நிரலில் குற்றமில்லை. மின்சாரம், சூடு, காட் இவற்றில் ஒன்று. செயலியின் நான்கு கோர்களும் சேர்ந்து உழைக்கும்போதுதான் சாதாரண போன் சார்ஜரும் நீண்ட மெல்லிய கேபிளும் தடுமாறும். மின்னழுத்தக் குறைவையும் சூட்டையும் காட்டும் ‘விசிஜென்சிஎம்டி கெட்_த்ரொட்டில்ட்’ கட்டளையைக் கொடுங்கள். 0எக்ஸ்0 என்றால் நலம். 0எக்ஸ்50005 என்றால் அந்த நிமிடமே மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. பை 4க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் தரும் வழங்கி வேண்டும்.

எல்லாம் முடிந்தும் ஓடவிடும்போது ‘லிப்ஹாம்லிப்’ (வானொலியைக் கட்டுப்படுத்தும் ஹாம்லிப் நூலகம்) கிடைக்கவில்லை என்றால் மீண்டும் கம்பைல் செய்யாதீர்கள். ‘சூடோ எல்டிகான்ஃபிக்’ ஒருமுறை போதும். களஞ்சியத்து ஹாம்லிப்பும் நீங்கள் கம்பைல் செய்ததும் சேர்ந்து கிடந்தால் பிணக்கு வரும், ஒன்றை அகற்றுங்கள். வானொலியைக் கட்டுப்படுத்தும் போர்ட் திறக்க மறுத்தால் பயனரை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.

பலரும் மறப்பது நேரம். எஃப்.ரி.8 எனும் குறுஞ்செய்தி முறை 15 செக்கன் இடைவெளிகளில் இயங்குகிறது. கடிகாரம் இரண்டு மூன்று செக்கன் பிசகினாலே திரை வெறுமையாகிவிடும். பை 4 வரையான கணினிகளில் பற்றரிக் கடிகாரம் இல்லை. இணையத்திலிருந்தே நேரம் எடுக்கின்றன. வெள்ளத்தில் இணையம் போனால் நேரமும் போகும்! டி.எஸ்.3231 கடிகாரப் பலகையை 1, 3, 5, 9 ஆம் முனைகளில் இணைத்து, பலகை கணினியோடு பேசும் ஐ2சி இணைப்பை இயக்கி, பையின் தொடக்க அமைப்புகளுள்ள கன்ஃபிக் கோப்பில் அதற்குரிய ஓவர்லே (கருவியை அறிமுகப்படுத்தும்) வரியைச் சேருங்கள். பலகைக்கு 5 வோல்ட் கொடுக்கக் கூடாது: அதன் தடைகள் வழியே 5 வோல்ட், 3.3 வோல்ட்டுக்கே உரிய பையின் முனைகளுக்குப் போகும்.

பாடசாலைக் கணினி ஆய்வுகூடங்களும் இளைஞர் கழகங்களும் இந்த வேலையை ஒக்டோபருக்குள் முடிக்க வேண்டும். முடித்தபின் மெமரி காட்டை இன்னொரு மெமரி காட்டில் பிரதி எடுங்கள். ரவுட்டரை நிறுத்தி, பையின் மின்சாரத்தையும் பத்து நிமிடம் துண்டித்துவிட்டு, அந்தப் பிரதிக் காட்டிலேயே தொடங்குங்கள். நேரம் சரியாக வந்து, சமிக்ஞைகள் திரையில் விழுந்தால் மட்டும் பெட்டியை மூடி உயரமான தட்டில் வையுங்கள்.

இப்படிக்கு,
வானொலி ஆர்வலர்கள் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.